சுளகில் ஒரு காட்டாள் முகம்

ஓரம் பிய்ந்த பழைய மூங்கில் சுளகு (முறம்) வீட்டில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். தார்சா (வீட்டு முன்கூடம்) சுவரில் மாட்ட ஒரு காட்டாள் முகம், அதாவது கதைகளில் காட்டுக்குள் நடமாடுகிற ஆளின் முகம், செய்வதற்கு அதைவிட நல்ல அடித்தளம் நான் பார்த்ததில்லை. ஒட்டுப்பலகை கனக்கும். அட்டை ஐப்பசி மழைக்கு ஊறி வளைந்துவிடும். சுளகு லேசாக இருக்கும், பின்னல் இடுக்கில் கோணி ஊசி நுழையும், கூழ் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதோடு, புதுச் சுளகு வாங்கினால் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகி ஓட்டையை அடைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். அந்த மெழுகுகிற கூழையே கொஞ்சம் கெட்டியாக்கினால் அதில் மூக்கும் முழியும் பிடிக்கலாம். இந்த வேலைக்கு வேறு புதிய வித்தை எதுவும் தேவையில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே போகப் போகப் பனை, நடுவில் வாழைத்தோட்டம். நான் செய்கிற முகங்களுக்கு வேண்டிய எல்லாமே இந்த மூன்றில் இரண்டிலிருந்து வந்துவிடும். மலையிலிருந்து மட்டும் எதையும் எடுப்பதில்லை. களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். அதற்குள் உதிர்ந்து கிடக்கிற இறகையோ காய்ந்த வேரையோகூட எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம். சாஸ்தா கோயில் தோப்புகளிலும் எடுக்காதீர்கள். அங்கே விழுந்த சுள்ளியையும் அடுப்புக்குக் கொண்டுபோக மாட்டார்கள் நம் பெரியவர்கள். காட்டு முகம் செய்யக் காட்டைத் தொட வேண்டியதே இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் யாருடைய முகத்தைச் செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. எங்கள் ஆச்சி சொல்வாள்: "சாமி முகத்தைச் செஞ்சா படையல் போடணும்ட்டி. சும்மா சுவத்துல தொங்கவிடக் கூடாது." சுடலைமாடனுக்கும் பேச்சிக்கும் இசக்கிக்கும் பூதத்தாருக்கும் கொடை (கோயில் விழா) கொடுக்கிற சீமை இது. அவர்களை அலங்காரப் பொருளாக்க எனக்கு மனம் வராது. மாடனுக்குப் பல ஊர்களில் முகமே கிடையாது, சுண்ணாம்படித்த பூடம் (பீடம்) மட்டும்தான் நிற்கும். அந்த வெறுமைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆகவே என் முகங்களில் திருநீற்றுப் பட்டை இருக்காது, குங்குமம் இருக்காது, நாக்கு நீட்டியிருக்காது. சாமி சிலைதான் வேண்டுமென்றால் மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் போய் முறைப்படி மண்ணில் செய்து வாங்குங்கள்.

இன்னொன்று, மலையில் வாழ்கிற காணிக்காரர்களை மனதில் வைத்து "ஆதிவாசி முகம்" என்று எதையும் செய்யாதீர்கள். காரையாறு பக்கம் போனால் பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் அவர்கள். கதையில் வருகிற ஆள் வேறு.

அந்தக் கதையாள் யார்? விறகு பொறுக்கப் போன இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன். மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஏன் என்று கேட்கலாம் என்று சொல்லி வளர்த்தார்களே, அவன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல்செருப்பு நேர்ந்து கட்டுவார்கள். அடுத்த வருசம் ஆடி அமாவாசைக்குப் போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. பட்டவராயன் சாமி, அவர் முகத்தை நான் தொடமாட்டேன். ஆனால் ராத்திரியெல்லாம் யாரோ ஒருவர் காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார் என்கிற அந்த நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் நான் சுளகில் கொண்டுவரப் பார்க்கிறேன். பயமுறுத்துகிறவர் இல்லை, காவலாக நடக்கிறவர்.

முகவெட்டுக்கு இரண்டு இடம் போய்ப் பார்க்கச் சொல்வேன். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் விமானத்தின் கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்கள் வரிசையாக இருக்கும். உப்பிய கன்னம், அகன்ற மூக்கு, தடித்த உதடு. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. கன்னத்தை எவ்வளவு தூக்கினால் கீழிருந்து பார்க்கிறவனுக்கு முகம் தெரியும் என்பதை அதில் படிக்கலாம். அடுத்தது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். அங்கே இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிற குறவன் சிலையில் தாடையையும் புருவத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் பழைய தேவாலயங்களில் முகமெல்லாம் இலையாக, வாயிலிருந்து கொடி கிளம்புகிற மாதிரி கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். படத்தில் பார்க்க அருமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காய்ந்த இலையை ஒட்டினால் இரண்டே மாதத்தில் பொடிந்து தரையில் கிடக்கும். இலை வேண்டுமென்றால் பனங்குருத்தோலையை இலையாக நறுக்கி வையுங்கள்.

எனக்குப் பிடித்த மாதிரி இதற்கெல்லாம் அப்பால், எங்கள் மலையிலேயே இருக்கிறது. சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். கன்னங்கரேல் என்று முகம், அதைச் சுற்றி வெளிறிய பிடரி மயிர். கறுப்பு முகத்தைச் சுற்றி வெளிர் நாரை விரித்துவிட்டால் இருட்டு அறையிலும் முகம் எடுப்பாகத் தெரியும். அதன் முகத்தை அப்படியே செய்யாமல் இந்த நிறப் பொருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொறுக்குகிற வேலைக்கு வருவோம். இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாமல் செய்யவேண்டியது. முதலில் படம் வரைந்துவிட்டு அதற்குத் தக்கபடி பொருள் தேடாதீர்கள். பொருளைச் சேருங்கள், தரையில் பரப்புங்கள், எது கண்ணாக இருக்க ஆசைப்படுகிறது என்று பாருங்கள். கோணலான குரும்பை கிடைத்தால் மூக்கு கோணலாகவே இருக்கட்டும். வரைந்து செய்த முகம் எல்லார் வீட்டிலும் ஒரே முகமாகத்தான் வரும்.

தை மாதம் பனங்கிழங்கு பிடுங்கியதும் வரப்போரம் கொட்டை குவிந்து கிடக்கும். தவுண் (முளைத்த கொட்டைக்குள் இருக்கிற பஞ்சுபோன்ற பருப்பு) தின்பதற்காகப் பிள்ளைகள் அரிவாளால் இரண்டாக வெட்டிப் போட்டிருப்பார்கள். அந்தப் பாதிக் கொட்டைதான் கண்குழி. முழுக் கொட்டையை நீங்களே வெட்டப் பார்க்காதீர்கள், இரும்பு மாதிரி இருக்கும், அரிவாள் வழுக்கும். நார் ஒட்டியிருக்கிற முழுக் கொட்டை வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிறபோது எடுங்கள். சாற்றை நன்றாக அலசி வெயிலில் காயவைக்காவிட்டால் இனிப்புக்கு எறும்பு மொய்த்துவிடும். சீப்பால் வாரினால் அந்த நாரே தாடி.

தென்னையடியில் உதிர்ந்து காய்ந்த குரும்பை மூக்குக்கு. ஒன்றை நடுவில் வைத்து, இரண்டு சிறியதைப் பக்கவாட்டில் வைத்தால் மூக்குத்துவாரம் தானாக அமையும். தென்னம் பன்னாடை காதுக்கும் நெற்றிச் சுருக்கத்துக்கும். அதன் குறுக்கு நெடுக்கு இழையைப் பார்த்தால் கிழவன் தோல்தான். புருவத்துக்குத் தேங்காய்த் தும்பு. மயில்கொன்றை நெற்று நீளமாக, வளைவாக, கறுத்து இருக்கும், தலையில் கொம்பாக நிறுத்தலாம். வாகை நெற்று சேர்த்தால் காற்றுக்குச் சலசலக்கும். வாசல் பக்கம் மாட்டுவதாக இருந்தால் சேருங்கள், படுக்கிற அறைக்கு வேண்டாம்.

பிடரி மயிருக்கு வாழைநார். குலை வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிற வாழையை யாரிடம் கேட்டாலும் தருவார்கள். வெளி மட்டை இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு உள்மட்டையை எடுங்கள். பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் ஒரே திசையில் வழித்தால் சதை போய் வெள்ளை நார் மிஞ்சும். நிழலில் காயவையுங்கள், பொன்னிறம் நிற்கும். பூக்கட்டுகிற காய்ந்த சருகு நார் இதற்கு ஆகாது, ஒடிந்துவிடும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பது உங்களுக்கே தெரியும், பழைய சேலையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கண்மணிக்குக் குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்கு வைக்கிற அதே சிவப்பும் கறுப்பும். ஆனால் குன்றிமணி விசம். தோல் உடையாதவரை ஒன்றும் செய்யாது, கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊசியால் துளை போடாதீர்கள், அரைக்காதீர்கள், மிச்சத்தைத் திறந்த கிண்ணத்தில் வைக்காதீர்கள். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடென்றால் மஞ்சாடி விதையை வைத்து நடுவில் கரியால் பொட்டு வையுங்கள். எதை வைத்தாலும் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

இப்போது கூழ். அரைக் கிலோ செய்தித்தாள், வழவழப்பான வண்ணத் தாள் சேர்க்காமல். சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள், தண்ணீரை ஒரு தடவை மாற்றுங்கள். நூறு கிராம் வெந்தயத்தைத் தனியாக ராத்திரி ஊறப்போடுங்கள். இரண்டையும் ஆட்டுரலில் அரைப்பது உத்தமம். மிக்சி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு ஓட்டி, பிறகு துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். பசைக்குப் புளியங்கொட்டை. வறுத்து, உரலில் இடித்துத் தோலைப் புடைத்துவிட்டு, பருப்பை ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டு அடுப்பில் காய்ச்சினால் கண்ணாடிப் பதத்தில் வரும். பிழிந்த கூழ் நான்கு கைப்பிடிக்குப் பசை ஒரு கைப்பிடி. கையில் உருட்டினால் விரிசல் விடாமல் உருள வேண்டும், அதே சமயம் விரலில் இழுபடக் கூடாது. கடையில் விற்கிற ஃபெவிக்காலும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடும், மண் நிறம் அதன்மேல் உட்காராது.

பூச்சிக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். வெந்தயக் கசப்பு ஓரளவு காக்கும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது போல இதிலும் ஒரு சிட்டிகை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். அதுவும் விசம்தான். துத்தம் போட்ட கூழைச் சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், கடைசியாக வேறு சட்டியில் கலந்துகொள்ளுங்கள், கையுறை போடுங்கள்.

சுளகைக் கவிழ்த்து வையுங்கள். பின்பக்கம்தான் முகம். வளைந்த பக்கம் மேலே நெற்றி, திறந்த வாய்ப்பக்கம் கீழே தாடி. இப்படிச் செய்தால் சுளகின் விளிம்பு சுவரில் உட்காரும், முகம் சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளி நிற்கும், பின்னால் காற்று ஓடும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க இந்த இடைவெளிதான் பெரிய துணை.

முதலில் கனமான பொருளையெல்லாம் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்துவிடுங்கள். பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். கண்குழிக் கொட்டையைப் பின்னலோடு சேர்த்து இரண்டு சுற்று, குரும்பையைக் கம்பியால் துளைத்து முடிச்சு, நெற்றுக் கொம்பை அடியில் இறுக்கிக் கட்டு. கன்னத்துக்குப் பன்னாடையைச் சுருட்டி வைத்துத் தையுங்கள். கூழை மட்டுமே அப்பிக் கன்னம் தூக்கினால் கனமும் கூடும், உள்ளே காயாமல் நாறவும் செய்யும். தைத்து முடித்ததும் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு முடிச்சு.

அப்புறம் கூழ். அரை விரல்கனத்துக்கு மேல் ஒரே நாளில் பூசக் கூடாது. முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அடுத்தது. முதல் பூச்சில் பின்னல் இடுக்குக்குள் விரலால் அழுத்தி ஏற்றுங்கள், அதுதான் வேர். இரண்டாவது பூச்சில் கன்னமும் புருவ எலும்பும். மூன்றாவதில் சுருக்கங்கள், உதடு. பன்னாடை இழையும் கொட்டையின் முடியும் தெரிகிற இடங்களில் கூழைப் பூசி மூடாதீர்கள். பொருளின் சொந்தத் தோல் பாதி முகத்துக்காவது வெளியே தெரிய வேண்டும்.

காயவைப்பதற்கு எங்கள் பக்கம் மாசி, பங்குனி நல்ல காலம். ஆனி, ஆடியில் மலையோரம் சாரல், சமவெளியில் புழுதிக் காற்று. அந்தக் காற்றுக்கு மேல்தோல் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடிப்பு விடும். வெடித்தால் பசைத் தண்ணீரைத் தடவி மெல்லிய கூழால் அடையுங்கள். ஒன்றிரண்டு வெடிப்பை அப்படியே விட்டாலும் தப்பில்லை, நெற்றியில் வந்தால் நான் தொடவே மாட்டேன். நேர் வெயில் வேண்டாம். நிழலில், ஒருநாள் முகம் மேலே, ஒருநாள் முகம் கீழே என்று திருப்பி வைத்தால் சுளகு முறுக்காது.

கண்ணைக் கூழ் இன்னும் பச்சையாக இருக்கும்போதே வைக்க வேண்டும். கண்குழிக்குள் ஒரு கூழ் உருண்டை, அதில் குன்றிமணியைக் கறுப்புப் பொட்டு வெளியே பார்க்கிறபடி பாதி புதைத்து, சுற்றி இமையைக் கட்டுங்கள். முகம் நம் தலைக்கு மேலே தொங்கப்போகிறது, ஆகவே இரண்டு பொட்டையும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். நேராக வைத்தால் எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், வீட்டில் இருப்பவர்களைப் பார்க்காது. சுளகைச் சுவரில் சாய்த்து, கீழே உட்கார்ந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். குழிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சிவப்பு மின்ன வேண்டும். அது வந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக அமையும். வராவிட்டால் எத்தனை கொம்பு வைத்தாலும் அது வெறும் சுளகு.

வாயை மூடியே வையுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்குகிற திருஷ்டிப் பொம்மை ஆகிவிடும். அதற்கு வேலை விரட்டுவது. காட்டாளுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பது. கூடப்பிறந்தான் மகள் கேட்டாள்: "அத்தை, பல்லு இல்லாம எப்படிப் பயப்படுவாங்க?" பயப்பட வேண்டாமே. பல் வைத்தே தீர வேண்டுமென்றால் பனைமட்டைக் கருக்கில் இரண்டு பல்லைச் சீவி, மீசைக்குள்ளிருந்து நுனி மட்டும் தெரிகிறபடி செருகுங்கள். கருக்கு கையைக் கிழிக்கும், துணி சுற்றிப் பிடியுங்கள்.

நிறத்துக்கு மூன்று போதும். கறுப்புக்குச் சிரட்டை (கொட்டாங்குச்சி) கரி, அரைத்துத் துணியில் சலித்தது. சிவப்புக்குச் செவக்காட்டு மண்: தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, தெளியவிட்டு, அடியில் படிகிற வண்டலை மட்டும் எடுங்கள். பட்டுப்போல் பூசவரும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, அதுவும் புருவ மேட்டிலும் மூக்கு நுனியிலும் தொட்டும் தொடாமலும். கரியையும் மண்ணையும் வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்துத் துணிப்பந்தால் ஒற்றுங்கள், தூரிகையால் இழுத்தால் கோடு விழும். முதலில் முகம் முழுக்கச் செம்மண், காய்ந்த பின் மேலே கரி. மேடான இடங்களில் கரியை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் அடியிலிருக்கிற சிவப்பு வெளியே வரும். மஞ்சள் சேர்க்க ஆசைப்படுவீர்கள், வேண்டாம். சுண்ணாம்பு பட்ட இடத்தில் சிவக்கும், வெயில் பட்ட இடத்தில் வெளுக்கும், எதுவும் நிற்காது.

மயிரைக் கடைசியில் வையுங்கள். வாழைநாரைச் சின்னச் சின்னப் பிடியாக மடித்து, சுளகு விளிம்பின் கட்டுக்குள் நுழைத்து, கண்ணிபோட்டு இழுத்துவிட்டால் போதும். நெற்றியிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கி வாருங்கள். நுனியைக் கத்தரியால் சமமாக வெட்டாதீர்கள். இடையிடையே தும்பும் பனைநாரும் கலந்தால் நிறம் ஒரே சீராக இல்லாமல் இருக்கும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, நாருக்கும் பன்னாடைக்கும் பஞ்சில் தொட்டு வேப்பெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நாள் வாடை இருக்கும், போய்விடும். நிறம் பூசிய இடத்தில் எண்ணெய் வேண்டாம், திட்டுத்திட்டாகிவிடும். வார்னிஷ் அடிக்கச் சொல்லிக் கடையில் தருவார்கள். முகம் மினுமினுத்தால் குழிக்குள் இருக்கிற கண் தோற்றுப்போகும், நான் அடிப்பதில்லை.

மாட்டுவதற்குச் சுளகின் மூங்கில் விளிம்பில் இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டி, நடுவில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். சுவரில் துளை போட்டுத் திருகாணிக் கொக்கி. மண்சுவராக இருந்தால் விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடலாம். மேற்குச் சுவர் சாரல் வாங்குகிற சுவராக இருந்தால் அதில் வேண்டாம். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பாருங்கள், கன்னத்துக்கும் புருவத்துக்கும் நிழல் கிடைக்கும். பின்னால் பல்லி குடியேறும், விரட்டினாலும் வரும். அது பூச்சியைத் தின்னட்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கி, காய்ந்த பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி, நாருக்கு மறுபடி வேப்பெண்ணெய் தடவினால் போதும். ஈரத்துணி போடாதீர்கள். அப்போதே கண்மணி அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அசைந்தால் ஒரு சொட்டுப் புளியங்கொட்டைப் பசை. தை பிறந்துவிட்டால் வரப்போரம் புதுக் கொட்டை கிடக்கும், அடுத்த முகத்துக்கு அப்போதே நான்கைந்து பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோடியாக இருக்க வேண்டியதில்லை, ஒரு கண் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் முகத்துக்கு நல்லது.